துப்பறிவாளரின் கையெழுத்தும் திம்மராயனின் சாட்சியும்

உங்களில் பலர் இந்த வாரமே ஸ்டேஷன் பொறுப்பை ஏற்கப் போகிறீர்கள் என்று சொன்னார்கள். சட்டப் பிரிவுகளைச் சொல்லித்தர என்னைவிடப் படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு வழக்கைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சொல்லும்போது என் குரலில் பெருமை தெரியும். அதை மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. காக்கிச் சட்டை போட்டிருந்த காலமெல்லாம் சேர்த்துப் பார்த்தால், முழுசாகப் பெருமைப்பட்டுக்கொள்கிற மாதிரி ஒருவனுக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். எனக்கு இது கிடைத்தது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம் ஜில்லாதான். இன்றைக்குத் தொழிற்சாலை பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகிற அந்த ரோட்டில் அன்றைக்கு இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் மாட்டுவண்டி. நான் மத்தூர்ப் பக்கத்து ஆள். சப்-இன்ஸ்பெக்டராக முதல் போஸ்டிங். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் அப்பா மத்தூர்ச் சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் மகன் ஸ்டேஷன் ஆபீசர் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம்.

குருபரப்பள்ளியைத் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஓட்டுக் கட்டடம், பின்னால் நாலைந்து தென்னை. அதை நடத்தியவர் வயதான ஒரு அமெரிக்க நர்ஸ். ஊர்க்காரர்கள் தொரசானியம்மா என்பார்கள். முதலில் தெலுங்கு கற்றுக்கொண்டு அப்புறம் தமிழ் கற்றவர். அதனால் அவர் தமிழில் பாதி தெலுங்கு இருக்கும். அந்தப் பக்கத்தில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை, எங்கள் எல்லோர் பேச்சும் அப்படித்தான். பிரசவம் பார்க்கத் தனியாக ஒரு கட்டடம் கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஒரு நாள் காலையில் அவர் ஸ்டேஷனுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"என் சுவத்துல ஒரு கடிதம் மாட்டியிருந்தேன். காணோம். சட்டம் இருக்கு, கண்ணாடி இருக்கு, காகிதம் மட்டும் இல்லை" என்றார்.

என்ன கடிதம் என்று கேட்டேன். அப்போதுதான் உட்கார்ந்து சொன்னார்.

அவருடைய தாத்தா கப்பலில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். அங்கே ரயிலில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. ஒரு தடவை ரயிலில் வந்த பை ஒன்று காணாமல் போயிற்று. துப்பறிவது ஒரு தொழில் என்பதே அந்த நாட்டில் புதிதாக இருந்த சமயம் அது. அந்தத் தொழிலில் முதன்முதலாகப் பெயர் வாங்கியவர்களில் ஒருவர் விசாரிக்க வந்தார். வந்த அன்றைக்கே தாத்தாவைப் பிடித்து உள்ளே போட்டார். தாத்தா பிறந்த தேசத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் திருடர்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம். கொஞ்ச நாள் கழித்து உண்மையான திருடன் வேறொருவன் என்று அவரே கண்டுபிடித்தார். தாத்தாவை வெளியே விட்டுவிட்டு, தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்த மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதைப் பார்த்துத்தான் பிடித்தேன், என்ன செய்தான் என்று பார்க்கவில்லை, தப்பு என்னுடையது, இதைப் படிக்கிறவர்கள் இவனுக்கு வேலை கொடுங்கள் என்று அதில் இருந்ததாம். கீழே பெரிதாகக் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயர் முழுவதுக்கும் அடியில் கோடாக விட்டிருப்பாராம்.

அந்தத் துப்பறிவாளர் பிற்காலத்தில் பெரிய ஆளாகிவிட்டார். அவர் தன் கையால் எழுதியவை அபூர்வம். தன் தவறை ஒப்புக்கொண்டு எழுதியது இது ஒன்றுதான் என்று சொல்லி அங்கே ஒரு நூலகம் அதை விலைக்குக் கேட்டிருந்தது. தொரசானியம்மாவும் சம்மதித்துவிட்டார். அந்தப் பணத்தில்தான் பிரசவக் கட்டடம் எழும்ப வேண்டும்.

முந்தின நாள் அவர் நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். காலையில் திரும்பி வந்து பார்த்தால் சட்டம் வெறுமையாக இருக்கிறது.

எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "திம்மராயன் எடுக்கலை. அவனைத் தொட வேண்டாம்."

திம்மராயன் அவருடைய வாட்ச்மேன். அவனுடைய ஜனங்களின் பெயர் பழைய பட்டியலில் இருந்தது. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். பிறவியிலேயே குற்றவாளிகள் என்று சில ஜாதிகளை வெள்ளைக்காரன் பட்டியல் போட்டு வைத்திருந்தான். அதில் பிறந்த ஆண்கள் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து ரேகை வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் வேலைக்கு வந்தபோது அந்தச் சட்டம் ஒழிந்துவிட்டது. ஸ்டேஷன்களில் பழக்கம் ஒழியவில்லை. எங்கே எது காணாமல் போனாலும் முதலில் அந்தத் தெருவுக்குத்தான் போலீஸ் போகும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கதவு உடையவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை. பின்பக்கத்து ஆணிகளைப் பொறுமையாக எடுத்திருக்கிறார்கள். குறித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினால், வாசலில் இன்ஸ்பெக்டரின் ஜீப் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய கறுப்புக் கார்.

கார் மிட்டாதாருடையது. மிட்டா என்பது எங்கள் பக்கத்து ஜமீன் மாதிரி. சர்க்கார் அதையெல்லாம் எடுத்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகியிருந்தாலும், அவரை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வருமானம் போய்விட்டது, காரும் விருந்தும் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் தரையில் திம்மராயன், நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் அவன் தெருவிலிருந்து பிடித்து வந்திருக்கிறார்கள். உதடு வீங்கியிருந்தது.

"முடிஞ்சுதுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒத்துக்கிட்டான். எடுத்தவன் பயந்துபோயி அடுப்புல போட்டு எரிச்சிட்டானாம். ரேகையும் வச்சிட்டான். கீழ நீ ஒரு கையெழுத்து போடு. நாளைக்குக் கோர்ட்ல கொண்டுபோய் நிறுத்திடு."

மிட்டாதார் மெதுவாகப் பேசுகிறவர். "தொரசானியம்மாவுக்கு எல்லாரும் நல்லவங்கதான். நமக்குத் தெரியாதுங்களா இவங்க வம்சம்? என்னமோ, சீக்கிரம் முடிஞ்சா அந்தம்மாவுக்கும் நிம்மதி."

காகிதத்தைப் படித்தேன். எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது.

"எரிக்கிறதுக்கு எதுக்கு சார் திருடினான்?" என்று கேட்டேன்.

"பயந்துட்டான்னு சொல்றேன்ல."

"நான் இன்னும் இவன ஒரு கேள்வியும் கேக்கல சார். கேட்டுட்டுப் போடறேன்."

"நான் கேட்டது பத்தாதா உனக்கு?"

ஏட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வெளியாள் எதிரில் மேலதிகாரிக்கு இல்லை என்று சொல்கிறோம் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்தக் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தேன்.

"கையெழுத்து என்னுது சார். நாளைக்குக் கோர்ட்ல கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "நாளைக்குக் கோர்ட் கூடறதுக்குள்ள இதுல கையெழுத்து இருக்கணும். இல்லைன்னா இந்த ஸ்டேஷன்ல நீ இருக்கமாட்ட."

ஜீப்பும் காரும் போன பிறகு திம்மராயனைப் பின்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீ வாங்கிவரச் சொன்னேன். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான். அடுத்த அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்க்கிற கண்.

"நீ எடுத்தியான்னு நான் கேக்கப்போறதில்ல" என்றேன். "நேத்து நீ காவலுக்கு இருந்த. தொரசானியம்மா போனதுக்கப்புறம் அந்த வூட்டுக்கு யார் யார் வந்தாங்க?"

நிமிர்ந்து பார்த்தான். "சாமி, இத யாரும் என்னக் கேக்கல."

"நான் கேக்கறேன். சொல்லு."

டீயை ஒரு வாய் குடித்தான். "காத்தால மருந்து வாங்க ரெண்டு பொம்பளைங்க. திண்ணூறு போடற பூசாரி ஒருத்தரு. மத்தியானம் மிட்டாதாரு காருல வந்தாரு."

"என்ன சொன்னார்?"

"அம்மா இல்லியான்னாரு. இல்லீங்கன்னன். சரி, வெயிலு தாங்கல, நான் உள்ள உக்காந்திருக்கறன், நீ போயி ஒரு எளநி வெட்டிக்கினு வான்னாரு. மரம் ஏறி நல்லதாப் பாத்து ரெண்டு வெட்டிக்கினு வந்தன். அதுக்குள்ள அவரு காருல ஏறி உக்காந்துட்டாரு. எளநி வாணாம், வேல இருக்குதுன்னு போயிட்டாரு. குடிக்கவேயில்ல சாமி."

"இத ஏன் இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லல?"

திம்மராயன் டம்ளரைக் கீழே வைத்தான். "அவரு பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கினு இருந்தாருங்களே."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஒருவனைக் குற்றவாளியாக உட்கார வைத்துக் கேட்டால், அடிக்குத் தப்பிக்க என்ன வேண்டுமோ அதைத்தான் சொல்வான். அதே ஆளைச் சாட்சியாக உட்கார வைத்துக் கேளுங்கள். முந்தின நாள் அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்த ஒரே மனிதன் அவன். காலையிலிருந்து அத்தனை பேர் அவனை உலுக்கியிருக்கிறார்கள், ஒருத்தராவது நீ என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு தொரசானியம்மாவிடம் போனேன். கடிதத்தை வேறு யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். மாங்காய் சீசனில் பெங்களூர் கண்டோன்மெண்டிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து கேட்டதாகவும், நூலகத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

"அவரை யார் கூட்டிட்டு வந்தாங்கம்மா?"

"மிட்டாதார். அவர் வீட்டு விருந்தாளிதானே."

மிட்டாதார் முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு வந்ததை ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஒன்றே எனக்குப் போதும். ஆனால் கோர்ட்டுக்குப் போதாது.

அவர் வீட்டைச் சோதனை போடலாம் என்றார் ஏட்டு. நான் யோசித்துப் பார்த்தேன். அது பெரிய வீடு. நாங்கள் வாசலில் நிற்கும்போதே உள்ளே யாராவது அடுப்பில் போட்டால் முடிந்தது. பெங்களூர் வியாபாரிக்கு என்றால் கடிதம் எப்படியும் வீட்டை விட்டு வெளியே வரவேண்டும். எப்போது என்பதற்குப் பதில் என் மேஜை மேலேயே இருந்தது. மிட்டாதாரின் மனைவியின் தம்பி மகளுக்குப் பெங்களூரில் கல்யாணம். ஸ்டேஷனில் எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு.

மறுநாள் காலையில் திம்மராயன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, நானும் ஏட்டும் ஒரு லாரியில் ஓசூரைத் தாண்டிப் போய், எல்லையிலிருந்த மதுவிலக்குச் சாவடியில் இறங்கினோம். இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், சாராயம் கிடையாது. அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம், கடை திறந்திருக்கும். அதனால் அங்கிருந்து வருகிற வண்டிகளைத்தான் குடைவார்கள். இங்கிருந்து போகிற வண்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதற்காகச் சோதனை போடுகிறேன் என்ற காரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டேன். சட்டம் அதைக் கேட்கிறது.

ஏட்டு கன்னடக்காரர், பயந்த சுபாவம். "சார், எனக்குப் பென்ஷன் கிட்ட வந்துடுச்சு" என்றார்.

"நீங்க எதுவும் செய்ய வேணாம். பக்கத்துல நில்லுங்க, போதும்."

வெயில் ஏறும் முன்பே கறுப்புக் கார் வந்தது. கையைக் காட்டினேன். முன்னால் டிரைவர், பின்னால் மிட்டாதாரும் அவர் மனைவியும்.

"என்ன தம்பி, கல்யாணத்துக்கு நீங்களும் வர்றீங்களா?" என்று சிரித்தார்.

"வண்டியக் கொஞ்சம் பாக்கணுங்க."

"அங்கிருந்து வர்ற வண்டியத்தான பாப்பீங்க? போற வண்டியில என்னாத்தப் பாக்கறது?"

"பாத்துட்டுச் சொல்றேங்க."

டிக்கியைத் திறந்தோம். பட்டுப்புடவைப் பெட்டி, சீர்த் தட்டுகள், வாழைத்தார், பலகாரத் தூக்கு. ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். சீட்டுக்கு அடியில் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் மிட்டாதாரின் குரல் உயர்ந்தது.

"ஒரு தந்தி அடிச்சா நீ எங்க போவேன்னு தெரியுமா? பொம்பளைங்க போற வண்டிய நடுரோட்டுல நிறுத்தி அவமானப்படுத்தற!"

என் சட்டை நனைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மாள் மடியில் வைத்திருந்ததைக் கவனித்தேன். புதுத் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"இது என்னங்கம்மா?"

"பெருமாள் படங்க. பொண்ணுக்கு." மரியாதையாகவே துண்டை விலக்கிக் காட்டினார். கண்ணாடியில் விளக்குப் புகை படிந்திருந்தது. சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"பூஜையில இருந்த படங்களா?"

"ஆமாங்க, எங்க மாமியார் காலத்துது. புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தரலாம்னுதான் சொன்னன். அவருதான் இதையே குடுத்தரலாம்னாரு."

எங்கள் பக்கத்தில் பூஜை செய்த படத்தை வீட்டை விட்டு யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். கல்யாணச் சீராகக் கொடுக்கவே மாட்டார்கள். லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். படம் பழசு. அதில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம் புத்தம் புதுசு. மைதாப் பசையின் வாடைகூடப் போகவில்லை.

"சாமி படத்த உடைக்கப் போறியா? பாத்துக்குங்க எல்லாரும்!" என்று கத்தினார் மிட்டாதார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒருவர் கன்னடத்தில் திட்டினார். நான் தப்பாக நினைத்திருந்தால் அங்கிருந்து முழுசாகப் போயிருக்க முடியாது.

என் பக்கத்தில் ஏதோ சத்தம். திரும்பினேன். ஏட்டு குனிந்து தன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். பென்ஷனுக்குப் பயந்த மனிதர். நானும் கழற்றினேன். வெறும் காலோடு கார் கதவருகில் போய் நின்றேன்.

"நான் தொட மாட்டேம்மா. நீங்களே பிரிங்க. உள்ள ஒண்ணும் இல்லைன்னா இந்தச் சட்டையக் கழட்டி இங்கேயே வச்சிட்டு வூட்டுக்குப் போறேன்."

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தார். "பிரிக்கட்டுங்களா?"

"வேணாம்" என்றார் அவர். சட்டென்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையில் அந்த அம்மாளின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்புறம் அவர் யாரையும் கேட்கவில்லை. படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்து, நகத்தால் பழுப்புக் காகிதத்தை ஓரமாகக் கிழித்தார். அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் இரண்டாக மடித்த தடித்த காகிதம் ஒன்று. அதை எடுத்துப் பிரித்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னிடம் நீட்டினார். கடைசியில் பெரிய கையெழுத்து. அதன் வால் பெயருக்கு அடியில் நீளமாக ஓடியிருந்தது.

அம்மாள் படத்தை மறுபடி துண்டில் சுற்றினார். "அவரக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் கல்யாணத்துக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு, டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னார்.

மிட்டாதாரோடு ஸ்டேஷனுக்கு நான் திரும்பியபோது இன்ஸ்பெக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை மேஜையில் வைத்தேன். அதைப் பார்த்தார், மிட்டாதாரைப் பார்த்தார். அப்புறம் முந்தின நாள் காகிதத்தை அவரே எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்யா."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

யோசித்தார். "மாட்டேன்" என்றார். அவரிடம் அந்த நேர்மை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் தொரசானியம்மா கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் வாசலிலேயே நின்று அதை வரிவரியாகத் தெலுங்கில் திம்மராயனுக்குச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அந்தப் போலீஸ்காரரே இத எழுதினாருங்களா?" அவரேதான் என்றார் தொரசானியம்மா. வழக்கு முடிந்ததும் கடிதம் நூலகத்துக்குப் போயிற்று. பிரசவக் கட்டடம் எழும்பியது. நாகரசம்பட்டியிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

வழக்கு கிருஷ்ணகிரியில் நடந்தது. மிட்டாதாருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது தீர்ப்பு நாள் இல்லை, சாட்சி விசாரணை நாள்தான். அன்று கோர்ட்டில் கூட்டம். இன்ஸ்பெக்டரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மிட்டாதார் குற்றவாளிக் கூண்டில் நின்றார். சேவகன் வாசலில் நின்று திம்மராயன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டான்.

திம்மராயன் வெளுத்த சட்டையோடு உள்ளே வந்தான். யாரையும் பார்க்காமல், வழி தெரிந்தவன் மாதிரி நேராக நடந்து போய்க் குற்றவாளிக் கூண்டில் ஏறினான். ஏறிக் கைகட்டி நின்றான். மிட்டாதார் என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கி இடம் விட்டார். சிரிப்பு வரவேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றினார். "அங்க இல்லப்பா" என்றார். "நீ சாட்சி. இந்தப் பக்கம் வா."

திம்மராயன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். கூண்டிலிருந்து இறங்கினான். அந்த அறையின் குறுக்கே, வக்கீல்களின் மேஜையைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துக்கு நடந்து போனான். சாட்சிக் கூண்டில் ஏறினான். கட்டியிருந்த கையை எடுத்து மரச்சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டான்.

"என்ன பாத்த, சொல்லு" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"சொல்றனுங்க" என்று ஆரம்பித்தான்.